"3 மாதம் கழித்து வரவும்"

அப்பாவுக்கு மலக்குடல் புற்றுநோய் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பியபோது கொடுத்த தாளின் கடைசி வரி அதுதான். அப்புறம் எப்போது, எதற்கு வரவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. கட்டியை எடுத்தாச்சு, கீமோ முடிஞ்சாச்சு, மலம் சேர வயிற்றில் மாட்டியிருந்த பையும் போயாச்சு என்ற நிம்மதி.

இரண்டாவது ரிவ்யூவுக்கே அப்பா வர மறுத்தார். "நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு வீண் செலவு?" இந்த நோய் திரும்புவதென்றால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று வருடங்களில்தான் திரும்பும். ஈரலிலோ நுரையீரலிலோ சிறிதாக இருக்கும்போது உடம்புக்கு ஒன்றுமே தெரியாது. அப்போதே கண்டுபிடித்தால் சிலருக்கு அதை வெட்டி எடுத்துக் குணமாக்கவும் முடிகிறது. வலி வந்தபிறகு போனால் அந்த வாய்ப்பு குறைந்துவிடுகிறது.

பொதுவாகப் பின்பற்றும் கணக்கு இது: சிஇஏ (நோய் திரும்பினால் ரத்தத்தில் ஏறக்கூடிய ஒரு புரதம்) ரத்தப் பரிசோதனை முதல் இரண்டு வருடம் 3 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை, பிறகு ஐந்தாம் வருடம் வரை 6 மாதத்துக்கு ஒருமுறை. இடையிடையே சிடி ஸ்கேன். ஒரு வருடத்தில் கொலோனோஸ்கோபி, அதாவது கேமரா பொருத்திய குழாயை விட்டுப் பெருங்குடலைப் பார்ப்பது. ஆபரேஷனுக்கு முன் கட்டி அடைத்திருந்ததால் குடல் முழுவதையும் பார்க்க முடியாமல் போனவர்களுக்கு அது சில மாதங்களிலேயே தேவை. ஆபரேஷனே இல்லாமல் ரேடியேஷன், கீமோவிலேயே கட்டி கரைந்தவர்கள் இன்னும் உஷாராக இருக்கவேண்டும். அப்படிப்பட்டவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு அதே இடத்தில் மறுபடி வளர்கிறது.

அப்பாவுக்கு ஒருமுறை சிஇஏ கொஞ்சம் ஏறியிருந்தது. அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. திரும்ப எடுத்தபோது இயல்பாக இருந்தது. புகைபிடித்தால்கூட அது ஏறும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இதை முன்பே ஒருவர் சொல்லியிருக்கலாம்.

டெஸ்ட்டுகளைக் கூட்டச் சொல்லவில்லை. பிரிட்டனில் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்த 1,202 பேரைக் கவனித்து 2014இல் வெளியான ஆய்வில், தீவிரமாகக் கண்காணித்தவர்களில் அதிகம் பேருக்குக் குணமாக்கும் நோக்கில் மறுபடி ஆபரேஷன் செய்ய முடிந்தது. ஆனால் அதனால் ஆயுள் கூடியதாக நிரூபணமாகவில்லை. அதனால் யாருக்கு எது தேவை என்பதை டாக்டரே முடிவு செய்யட்டும். முடிவு செய்ததை எழுதிக் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன். ஐந்து வருடத்துக்கும் எந்த மாதம் எந்தப் பரிசோதனை என்று அரைப் பக்கம் போதும்.

இன்னொன்று. அப்பா ஒரு நாளைக்குப் பத்துமுறை கழிப்பறைக்குப் போனார். பஸ் ஏறவே பயந்தார். குடலை எடுத்தால் இப்படித்தான் என்று அவராகவே நினைத்துக்கொண்டார். ரிவ்யூவில் நான் வாய்விட்டுக் கேட்டபிறகுதான் மாத்திரையும் இடுப்புத் தசைப் பயிற்சியும் கொடுத்தார்கள். இப்போது டவுன் பஸ்ஸில் தனியாகப் போய்வருகிறார்.

வீட்டில் இப்படி ஒரு ஃபைல் இருந்தால் இன்றைக்கே எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். தேதி இல்லையென்றால் அடுத்தமுறை கேட்டு வாங்குங்கள்.