ஒன்றாம் கேட்டை நம்பிக் கட்டுகிறவர்களுக்கு

“ஒன்றாம் கேட், கண்ணை மூடிக்கிட்டுக் கட்டு” என்று குதிரை ரேஸில் பணம் கட்டுகிறவர்களிடம் சுற்றிவரும் டிப்ஸைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வருகிறது. கேட் என்பது குதிரை ஓடக் கிளம்பும் கூண்டு; ஒன்றாம் நம்பர் உள்பக்கக் கம்பி வேலியை ஒட்டியது. அந்த நம்பர் முக்கியம்தான், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் எந்த மைதானம், எவ்வளவு தூரம், எப்படி ஓடுகிற குதிரை, என்ன ஆட்ஸ் (ஜெயித்தால், கட்டிய ஒரு ரூபாய்க்கு அந்த ரூபாய் போக எவ்வளவு கிடைக்கும்) என்று எதுவும் சொல்லாமல் நம்பரை மட்டும் கொடுப்பது அடுத்தவன் காசோடு விளையாடுவது.

முதலில் ஒன்றாம் கேட்டின் பலத்தைச் சொல்லிவிடுகிறேன். அரைவட்ட வளைவில் ஒரு குதிரை இன்னொன்றைவிட ஒரு மீட்டர் வெளியே ஓடினால், மூன்று மீட்டருக்கும் சற்று மேலான தூரத்தைக் கூடுதலாக ஓட வேண்டியிருக்கும். வளைவு பெரிதோ சிறிதோ, கணக்கு இதேதான். ஒரு குதிரை நீளமே ஏறக்குறைய இரண்டரை மீட்டர்தானே! இங்கிலாந்தின் செஸ்டர் மைதானம் பெரும்பாலும் வளைவு. அங்கே ஐந்து பர்லாங் (சுமார் ஆயிரம் மீட்டர்) ரேஸில் உள்பக்கக் கேட்டுக்கு இருக்கும் சாதகம் ஊரறிந்தது.

ஊரறிந்தது என்பதால்தான் அதில் லாபம் இல்லை. எல்லோரும் அதே குதிரையில் கட்ட, ஆட்ஸ் இறங்கிவிடும். ஐந்துக்கு ஒரு முறை ஜெயிக்கிற குதிரை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு நாலு கிடைத்தால்தான் போட்ட காசாவது திரும்பும். ஒன்றுக்கு இரண்டரைதான் என்றால், ஐந்து முறை நூறு நூறாகக் கட்டிய 500-க்குத் திரும்பி வருவது 350. குதிரை ஜெயிக்கவும் செய்கிறது, நம் பையும் காலியாகிறது.

அமெரிக்காவின் புகழ்பெற்ற கென்டக்கி டெர்பியைப் பாருங்கள். இருபது குதிரைகள் வரை ஓடும் ரேஸ். ஒன்றாம் கேட்டிலிருந்து 1986-இல் ஃபெர்டினாண்ட் ஜெயித்தது. அதன் பிறகு 2025 வரை ஒன்றுகூட இல்லை. வெளியே இருக்கும் கூட்டம் உள்ளே சாயும்போது நெருக்கடி முழுவதும் கம்பியோரக் குதிரைக்குத்தான். கடைக்கோடி இருபதாம் கேட்டிலிருந்தோ 2008-இல் பிக் பிரவுன், 2022-இல் ரிச் ஸ்டிரைக் ஜெயித்தன. ரிச் ஸ்டிரைக்கின் ஆட்ஸ் ஒன்றுக்கு எண்பது! அதற்காக இருபதாம் கேட்டைப் பிடித்துக்கொள்ளாதீர்கள். வருடத்துக்கு ஒரே ஒரு ரேஸ், அதில் என்ன கணக்குப் பார்க்க முடியும்? போதாததற்கு, 2020-இல் கேட் அமைப்பையே மாற்றிவிட்டார்கள். முன்பு பதினாலு கூண்டும் ஆறு கூண்டுமாக இரண்டு தனி அமைப்பு, இப்போது இருபது கூண்டும் ஒரே அமைப்பு. பழைய பட்டியலை இன்றைய ரேஸுக்குப் பொருத்துவதே தப்பு.

நான் முதலில் பார்ப்பது, முதல் வளைவு வருவதற்குள் எவ்வளவு தூரம் இருக்கிறது என்பதை. நிறைய இருந்தால், வேகமாகக் கிளம்பும் குதிரையை வெளிக் கேட்டிலிருந்தும் ஜாக்கி உள்ளே கொண்டுவந்துவிடலாம். மெதுவாகக் கிளம்பும் குதிரைக்கு ஒன்றாம் கேட் பெரும் தொல்லை; முன்னாலும் பக்கத்திலும் அடைபட்டு, ஓடத் தெம்பு இருந்தும் வழி கிடைக்காமல் நிற்கும். மழை பெய்து கம்பியோரத் தரை மிதிபட்டிருந்தால் உள்பக்கம் என்கிற சாதகமே தலைகீழாகிவிடும். நேர்கோட்டு ரேஸில் வளைவுக் கணக்கே கிடையாது.

டிப்ஸ் போடுகிற நண்பர்களே, கேட் நம்பரோடு தூரத்தையும் தரையையும் குதிரை ஓடும் விதத்தையும் எழுதுங்கள். எந்த ஆட்ஸுக்குக் கீழே இறங்கினால் கட்டக்கூடாது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.