புது காரில் வாட்டர் பேப்பர் வைக்க விடாதீர்கள்

புது கார் எடுத்த சூட்டோடு, "பெயிண்ட்ல ஆரஞ்சு பீல் இருக்கு சார், தேய்ச்சு கண்ணாடி மாதிரி ஆக்கிடலாம்" என்கிற கடைக்கு வண்டியை விடுகிறவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. வடசென்னை வியாசர்பாடியில் டிங்கரிங், பெயிண்டிங் வேலைதான் எனக்குச் சோறு போடுகிறது. தேய்த்துக் கொடுத்தால் எனக்கும் காசுதான். ஆனாலும் சொல்கிறேன், வேண்டாம்.

ராத்திரி டியூப்லைட் வெளிச்சத்தில் காரின் கதவைப் பாருங்கள். விளக்கின் ஓரம் நேராக இருக்காது, ஆரஞ்சுத் தோல் மாதிரி நெளிநெளியாகத் தெரியும். அதுதான் அவர்கள் சொல்லும் ஆரஞ்சு பீல். பானெட்டில் அந்த நெளிவு பெரும்பாலும் குறைவாக இருக்கும். வேலை தெரியாதவன் அடித்ததால் வந்த வித்தியாசம் இல்லை இது. பெயிண்ட் துளித்துளியாக வந்து உட்காருகிறது. துளிகள் ஒன்றோடு ஒன்று கலந்து பரவுவதற்குள் தின்னர் ஆவியாகிவிட்டால் மேடு பள்ளம் அப்படியே நின்றுவிடும். இன்னும் ஈரமாக அடித்தால் பரவும்தான், ஆனால் நெட்டுக்குத்தாக நிற்கும் கதவில் வழிந்து இறங்கிவிடும். வழியவும் கூடாது, திட்டுத்திட்டாக நிற்கவும் கூடாது என்று நடுவில் ஓர் இடத்தைப் பிடிக்கிறார்கள். போதாததற்குக் காற்று மாசுக் கட்டுப்பாடு வந்த பிறகு, கலருக்கு மேல் கடைசியாக அடிக்கும் நிறமில்லாத கிளியரிலும் தின்னரைக் குறைத்துத்தான் அடிக்கிறார்கள், அது பரவுவது இன்னும் கஷ்டம். கம்பெனிகள் இந்த நெளிவைக் கருவி வைத்து அளந்து, இவ்வளவு வரை இருக்கலாம் என்று வரம்பு வைத்துத்தான் வண்டியை வெளியே விடுகின்றன.

சரி, தேய்த்தால் என்ன ஆகும்? கம்பெனி பெயிண்ட் எல்லா அடுக்கும் சேர்ந்தே ஏறத்தாழ 100 முதல் 140 மைக்ரான்தான். அதில் மேலே இருக்கும் கிளியர் சுமார் 40, 50 மைக்ரான், தலைமுடியின் தடிமன்கூட வராது. 2000 நம்பர் வாட்டர் பேப்பரை, அதாவது ரொம்ப நைசான உப்புத்தாளை, நனைத்துத் தேய்க்கும்போது பால் மாதிரி வெள்ளையாகத் தண்ணீர் வழியும். நிறைய பேர் அதை அழுக்கு என்று நினைக்கிறார்கள். அதுதான் உங்கள் கிளியர். அந்தத் தண்ணீரில் காரின் கலர் தெரிய ஆரம்பித்தால் கதை முடிந்தது, கிளியரைத் தாண்டி உள்ளே போயாயிற்று. கதவின் மடிப்பு, பானெட்டின் ஓரம் போன்ற இடங்களில் அது நடக்க ரொம்ப நேரம் ஆகாது. "மீட்டர் வச்சுப் பார்த்துதான் தேய்க்கிறோம்" என்பார்கள். சாதாரண மீட்டர் மொத்தத் தடிமனைத்தான் காட்டும். 120 என்று வந்தால் அதில் கிளியர் எத்தனை என்று அதற்குத் தெரியாது.

வெயிலைத் தாங்கும் சரக்கு அந்தக் கிளியரில்தான் இருக்கிறது. நம் பக்கத்தில் எத்தனை பேர் காரை நிழலில் நிறுத்துகிறோம்? தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் கார் நாள் முழுக்கத் தெருவில் காய்கிறது. கடற்காற்றின் உப்பு, எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி கிளப்பும் புழுதி, மணலிப் பக்கத்துக் கரி எல்லாம் அதன் மேல்தான். யாரும் தேய்க்காத பழைய வண்டிகளிலேயே கூரையில் கிளியர் வெளுத்து உரிந்து நிற்பதைப் பார்க்கிறோம். அதைப் புது வண்டியிலேயே சுரண்டி எடுப்பானேன்?

போனால் மறுபடி கிளியர் அடித்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். தொழிற்சாலையில் வயரும் ரப்பரும் மாட்டுவதற்கு முன் வெறும் பாடியை 140 டிகிரி வரை சூடேற்றிக் காய வைக்கிறார்கள். முழு வண்டியை நாங்கள் அப்படிச் சுட முடியாது. பெயிண்ட் அடித்துக் காய வைக்கும் மூடிய அறை (பூத்) வைத்திருப்பவர்களே 60 டிகிரியோடு நிறுத்திக்கொள்வார்கள். பெயிண்டை இறுக வைக்கும் ஹார்ட்னர் கலந்து நன்றாகத்தான் அடிக்கிறோம், ஆனால் அது கம்பெனி பெயிண்ட் ஆகாது.

கம்பெனிகள் மீதும் எனக்கு வருத்தம் உண்டு. பிளாஸ்டிக் பம்பரைப் பல சமயம் தனியாகப் பெயிண்ட் அடித்து மாட்டுகிறார்கள். பக்கத்து ஃபெண்டரில் ஒரு நெளிவு, பம்பரில் வேறு நெளிவு. லட்சக்கணக்கில் கொடுக்கிறவருக்கு அதைக் கேட்க உரிமை இருக்கிறது. தூசி உட்கார்ந்திருந்தாலும், வழிந்திருந்தாலும் டெலிவரி எடுப்பதற்கு முன்பே, பகல் வெளிச்சத்தில் பார்த்துச் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், பழைய வண்டி வாங்க வருகிறவர் இந்த நெளிவைத்தான் முதலில் பார்ப்பார். ஒரு கதவு மட்டும் வழவழ என்று இருந்தால் அடிபட்ட வண்டி என்று விலையைக் குறைப்பார். அதனால் நாளைக்கு ஆட்டோ உரசி ஒரு கதவுக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டி வந்தால்கூட, பெயிண்டரிடம் "கண்ணாடி மாதிரி வேணும் அண்ணா" என்று கேட்காதீர்கள். பக்கத்துக் கதவில் இருக்கிற அதே நெளிவு வரும்படி அடித்துத் தரச் சொல்லுங்கள்.