பிராவ்தாவின் வேர்

'பிராவ்தா' என்ற சொல்லைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். ஸ்லாவிய மொழிகள் எல்லாவற்றிலும் அதற்கு உண்மை என்றுதான் பொருள் என்று அது சொல்கிறது. ரஷ்யன், போலிஷ், செக் வரைக்கும் சரி. செர்பிய, பல்கேரிய மொழிகளில் 'பிராவ்தா' என்றால் நீதி. உண்மைக்கு 'இஸ்தினா' என்று வேறு சொல் உண்டு. பழைய ருஸ் நாட்டில் 11ஆம் நூற்றாண்டில் தொடங்கிய 'ருஸ்காயா பிராவ்தா'வும் சட்டத் தொகுப்புதானே!

இம்மொழிகளுக்கெல்லாம் தாயான மூல ஸ்லாவியத்தில் மொழியியலாளர்கள் மீட்டுருவாக்கிய வடிவம் 'பிரவிதா'. நடுவில் வரும் இகரம் நம் குற்றியலிகரம் மாதிரி மிகக் குறுகியது. பிறகு தேய்ந்தே போனது. 'பிரவ்' என்றால் நேரானது. அதோடு 'இதா' விகுதி சேர்ந்து பண்புப்பெயர் ஆகிறது. இதே விகுதிதான் வளைந்தது என்ற பொருளுள்ள 'கிரிவ்' உடன் சேர்ந்து 'கிரிவிதா', அதாவது அநீதி, ஆனது. இந்த ஜோடியைக் கட்டுரை விட்டுவிட்டது பெரிய குறை.

அப்புறம் இலக்கணம். இது ஆகார ஈற்றுப் பெண்பால் சொல். மூல ஸ்லாவியத்தில் இரண்டாம் வேற்றுமையில் ஈறு மூக்கொலி ஓகாரமாகும். ரஷ்யனில் அது உகரமாகி 'பிராவ்து' ஆயிற்று. போலிஷ் எழுத்தில் மூக்கொலிக் குறி இன்றும் இருக்கிறது, பேச்சில் பெரும்பாலும் கேட்காது.