தனக்கென எதையும் வைத்துக்கொள்ளாதவரா?

கடலூர் வண்டிப்பாளையத்தில் எங்கள் சித்தப்பாவின் பதினாறாம் நாள் காரியம் சென்ற வாரம் முடிந்தது. வந்தவர்களில் பாதிப் பேர் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: "குடும்பத்துக்காகவே வாழ்ந்த மனுஷன், தனக்குன்னு எதையும் வெச்சுக்கல." நல்ல மனத்தோடு சொன்னதுதான். ஆனால் அதன் பின்பாதியை என்னால் ஏற்க முடியவில்லை.

அவர் தனக்கென ஒன்றை மிகப் பிடிவாதமாக வைத்திருந்தார். தோட்டத்துப் பக்கம் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகை. அதில் உளிகள், இழைப்புளி, கொட்டாப்புளி, மூலைமட்டம். அலுவலகத்தில் நாள் முழுதும் கணக்கு எழுதிவிட்டு வருபவர், காபி குடித்த கையோடு அங்கே போய்விடுவார். அந்த ஒரு மணி நேரம் யார் கூப்பிட்டாலும் 'ம்' என்ற பதில்கூட வராது.

வண்டிப்பாளையம் கொலு பொம்மைக்குப் பேர்போன ஊர். பொம்மை செய்பவர்களின் திண்ணையிலேயே வளர்ந்ததால்தான் கைவேலைப் பைத்தியம் பிடித்தது என்பார். புரட்டாசி பிறந்துவிட்டால் தெருவில் உடைந்த பொம்மைகள் எல்லாம் அவரிடம் வரும். ஊறவைத்து இடித்த காகிதக் கூழில் சுண்ணத்தூளும் பசையும் பிசைந்து, விரல் போன கிருஷ்ணனுக்குப் புது விரல் வைப்பார்.

என்றாலும் அவருக்கு உயிர் மரவேலைதான். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்தபோது, பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. சித்தியின் பிறந்த வீட்டுப் பலாவும் அதில் போயிற்று. மற்றவர்கள் விறகுக்கு விலை பேசிக்கொண்டிருக்க, இவர் அடிமரத்தை வண்டி பிடித்துக் கொண்டுவந்து பலகையாக அறுத்து, காற்றுப் போக இடையிடையே சட்டம் கொடுத்து அடுக்கி, மூன்று வருஷம் நிழலில் காயவிட்டார். பச்சை மரத்தில் செய்தால் வெடிக்கும், முறுக்கிக்கொள்ளும் என்று அவசரப்பட்ட எல்லாரையும் அடக்கினார். அறுத்த அன்று மஞ்சளாக இருந்த மரம், இன்று அந்த வீட்டுச் சமையலறையில் செம்பழுப்பாக மினுங்குகிறது.

சமையலறையில் மூன்று மணைகள் இருக்கின்றன. முதலாவது நான்கு அங்குல உயரம். சித்திக்கு முழங்கால் வலி தொடங்கியதும் ஆறு அங்குலத்தில் ஒன்று, வலி முற்றியதும் ஒன்பதில் ஒன்று. மூன்றையும் வரிசையாக வைத்தால் சித்தியின் முழங்கால் வரலாறு தெரியும். வலிக்கிறது என்று சித்தி வாய் திறந்து சொன்னதில்லை; அவர் எழுந்திருக்கும் விதத்தைப் பார்த்தே சித்தப்பா அளவு எடுத்திருக்கிறார்.

எல்லாம் நேரத்துக்கு முடிந்ததாக நினைக்க வேண்டாம். மகள் கல்யாணத்துக்கு மணப்பலகை செய்கிறேன் என்று இழுத்தடித்து, முந்தின இரவுதான் வார்னிஷ் அடித்தார். தாலி கட்டி எழுந்த மாப்பிள்ளையின் பட்டுவேட்டி பலகையோடு ஒட்டிக்கொண்டது. சம்பந்தி வீட்டார் சிரித்துவிட்டதால் தப்பித்தோம்.

குடும்பத்தின் மேல் பாசம் வைத்த ஆணைப் புகழ வேண்டுமென்றால், அவன் சொந்த ஆசைகளை எல்லாம் உதறியவனாகக் காட்டினால்தான் நமக்குத் திருப்தி. சித்தப்பா எதையும் உதறவில்லை; ஆசைப்பட்டதைக் கையில் வைத்துக்கொண்டே வீட்டையும் பார்த்தார். வரவேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போன அன்று, இரவு பத்து மணிவரை இழைப்புச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததாம். பிறகு உடம்பெல்லாம் மரச்சுருளோடு உள்ளே வந்து, பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட்டாராம். இதைச் சொன்ன சித்தியே கேட்டார்: "அந்தக் கொட்டகை இல்லன்னா அத்தனை கோபத்தையும் யார்மேலப்பா காட்டியிருப்பாரு?"

காரியம் முடிந்த மறுநாள் கொட்டகையைத் துப்புரவு செய்யப் போனேன். சுவரோரம் ஒரு பலாப்பலகை, பாதி இழைத்தபடி சாய்ந்திருந்தது. அதன் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டு '12' என்று எழுதியிருந்தார். சித்தி இன்னும் ஒன்பது அங்குல மணையில்தான் உட்காருகிறார். எழுந்திருக்கும்போது அடுப்பு மேடையைப் பிடித்துக்கொள்கிறார்.