ரிட்சி சி மொழியை ஏன் உருவாக்கினார்?

சி என்ற நிரல்மொழியைப் பற்றி நான் படித்த ஒரு கட்டுரை, அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி அதை உருவாக்கியதை ஒரே வரியில் கடந்துவிடுகிறது. காரணம்தான் முக்கியம். சி-க்கு முன்பு அங்கே இருந்த, சக ஆய்வாளர் கென் தாம்சனின் பி மொழியில் தரவு வகைகளே (எண், எழுத்து என்ற பிரிவுகள்) கிடையாது. அவர்கள் பயன்படுத்திய பிடிபி-11 கணினியோ நினைவகத்தை பைட் பைட்டாக (ஓர் எழுத்தின் அளவாக) முகவரியிடும். அதில் எழுத்துகளைக் கையாள பி திணறியது. அதனால்தான் இன்ட் (முழு எண்), சார் (எழுத்து) என வகைகள் வந்தன. 1973-ல் யூனிக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலே சி-யில் மாற்றி எழுதப்பட்டது.

அன்றைய தடம் இன்றும் இடறுகிறது. பி-யில் பிட் வேலைக்கும் (எண்களின் 0, 1 இலக்கங்களை ஒப்பிடுவது) நிபந்தனைக்கும் ('இதுவும் அதுவும் உண்மையா?') ஒரே & தான். பிறகு && நிபந்தனைக்கெனத் தனியாக வந்தபோதும், ஏற்கெனவே எழுதிய நிரல்கள் உடையக்கூடாதென்று & குறியின் முன்னுரிமை (எது முதலில் கணக்கிடப்படும் என்ற வரிசை) சமமா என்று பார்க்கும் == குறிக்குக் கீழேயே விடப்பட்டது. எனக்கு அது நியாயமான முடிவாகவே படுகிறது. ஆனால் 6-இல் 4-க்கான பிட் உள்ளதா என்று பார்க்க 6 & 4 == 4 என்று எழுதினால் முதலில் 4 == 4 கணக்கிடப்பட்டு 1 (உண்மை) ஆகும்; 6 & 1 என்பது 0, அதாவது பொய். (6 & 4) == 4 என அடைப்புக்குறி போட்டால்தான் சரியான விடை வரும். நிரலை மொழிபெயர்க்கும் கம்பைலர் இந்தத் தவறைச் சுட்டிக்காட்டக்கூடும்; அதன் எச்சரிக்கைகளை அணைத்துவிடாதீர்கள்.