பி.எம். கிசான்: "இ-கேஒய்சி முடிங்க" மட்டும் பதில் இல்லைங்க

மத்திய அரசு விவசாயிகளுக்குத் தர்ற பி.எம். கிசான் உதவித்தொகையில தவணை வரலைன்னு போய்க் கேட்டா, எல்லா இடத்துலயும் "இ-கேஒய்சி முடிங்க"ன்னு ஒரே பாட்டு. இ-கேஒய்சின்னா ஆதாரை வச்சு ஆளைச் சரிபார்க்கிறது. அதை முடிச்சும் வராதவங்க எங்க போறது?

வருஷத்துக்கு 6,000 ரூபாய், நாலு மாசத்துக்கு ஒருதரம் 2,000. அது வரணும்னா இ-கேஒய்சி, நில விவரம், வங்கியில ஆதார் இணைப்பு மூணும் சரியா இருக்கணும். இணையதளத்துல பதிவு எண்ணைப் போட்டா எதுல சிக்கல்னு அங்கேயே தெரியும். அதைப் பார்த்துச் சொல்லாம வயசானவங்களை அலையவிடுறது அநியாயம்.

ரொம்பப் படுத்துறது வங்கி விஷயம். கணக்குல ஆதார் எண் ஏறியிருந்தா மட்டும் போதாது, என்.பி.சி.ஐ. (வங்கிகளுக்கு இடையில பணப் பரிமாற்றத்தை நடத்துற அமைப்பு) பதிவுல உங்க ஆதாருக்கு நேரா அந்த வங்கி இருக்கணும். ஒரு ஆதாருக்கு ஒரு வங்கிதான். கடைசியா எங்க இணைச்சாங்களோ பணம் அங்கதான் விழும். நகைக்கடனுக்குப் புதுக் கணக்கு தொடங்கி அங்க ஆதாரை இணைச்சிருந்தா, பழைய பாஸ்புக்ல எத்தனை தரம் என்ட்ரி போட்டாலும் ஒண்ணும் இருக்காது. இதைக் கவுண்டர்ல ஒருத்தராவது சொல்லணுமா இல்லையா?

அடுத்தது நில விவரம். பட்டா இன்னும் இறந்துபோன அப்பா பேர்லயே இருந்தா, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று வாங்கி இ-சேவை மையத்துல பட்டா மாறுதலுக்குப் போடணும். கூட்டுப் பட்டான்னா இழுபறி இன்னும் அதிகம்.

குத்தகைக்கு உழுறவருக்கோ இதுல ஒரு பைசா கிடையாது. உழைக்கிறது அவர், பணம் பட்டாக்காரருக்கு.