நீங்கியது சிறிய யூ மட்டும்தான்
ஏவிஆர்டூட் என்பது ஏவிஆர் சில்லுகளில் நிரல் ஏற்றும் கருவி; அந்தச் சில்லின் அடிப்படை அமைப்புகளை வைத்திருக்கும் பிட்கள்தான் ஃபியூஸ். "ஏவிஆர்டூட் ஆவணத்திலிருந்து சிறிய எழுத்து யூ (-u) விருப்பத்தைத் தூக்கிவிட்டார்கள், இனி ஃபியூஸ் மாற்ற முடியாது, பழைய 6.3 பதிப்பிலேயே இருங்கள்" என்று ஒருவர் சொல்வது தவறு. ஃபியூஸ் எழுதுவது பெரிய எழுத்து யூ (-U). அது அப்படியே இருக்கிறது. சிறிய யூவின் வேலை சேஃப்மோடை அணைப்பது. அந்தச் சேஃப்மோட் தொடக்கத்திலேயே ஃபியூஸை மூன்று முறை படித்து வைத்துக்கொள்ளும். கடைசியில் மதிப்பு மாறியிருந்தால் பழையபடி திருப்பப் பார்க்கும். 7.0 பதிப்பில் சேஃப்மோடே போய்விட்டது, அப்புறம் அதை அணைக்கும் விருப்பம் எதற்கு? பழைய ஸ்கிரிப்டில் அது கிடந்தாலும் வேலை நிற்காது, இப்போது ஆதரவில்லை என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான். புதிதாகக் கற்பவர்கள் இரண்டு யூவையும் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள், அதனால் இந்த நீக்கம் நல்லதே. ஃபியூஸில் கை வைக்குமுன் இருக்கும் மதிப்பைப் படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். கருவி இனி தானாகத் திருப்பி வைக்காது.